வெயிலூரில் ஸ்காட்ச்

முதல் ஸ்காட்ச் பாட்டிலை நான் திறந்தது ஒரு மே மாத ராத்திரி. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு மேலே மொட்டை மாடிதான். பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் ராத்திரி பத்து மணிக்கும் அனலைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. அலமாரியிலிருந்து எடுத்த பாட்டில் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. விஸ்கியை அறை வெப்பத்தில்தான் சுவைக்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அப்படியே கிளாஸில் ஊற்றி, மூக்கை உள்ளே விட்டு ஆழமாக இழுத்தேன். ஊசி போடும் முன் கையில் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட் வாசனை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெனிலா, தேன், உலர்ந்த பழம் என்று படித்ததில் ஒன்றுகூட இல்லை.

காசு போச்சு என்று மூடி வைத்தேன். தப்பு சரக்கில் இல்லை என்று புரிய ரொம்ப நாள் ஆனது. அறை வெப்பம் என்று எழுதியவர் ஊரில் அறை 18, 20 டிகிரியில் இருக்கும். இங்கே மே மாதம் வெளியே 42, 43 டிகிரி. சும்மாவா வெயிலூர் என்கிறார்கள்? சூடு ஏற ஏற ஆல்கஹால் வேகமாக ஆவியாகிறது. கிளாஸில் மூக்கு வைத்தால் முதலில் அதுதான் ஏறி அடிக்கும். மென்மையான வாசனைகள் எல்லாம் அதன் பின்னால் நின்றுவிடும்.

இப்போது கோடையில் சுவைப்பதாக இருந்தால் பாட்டிலை ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் இருபது நிமிடம் வைக்கிறேன். ஃப்ரீசரில் அல்ல. ஐஸ் போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். தாகத்துக்குக் குடிக்க ஐஸ் நல்லதுதான். ஆனால் அது வாசனையை மரக்கச் செய்துவிடும், கரையக் கரைய ஒவ்வொரு வாய்க்கும் ஒரு அளவு தண்ணீர் சேர்ந்துகொண்டே போகும். எதைச் சுவைத்தோம் என்றே தெரியாது. உண்மையில் நம் ஊரில் ஸ்காட்சுக்கு ஏற்ற காலம் மார்கழியும் தையும்தான். அந்த இரண்டு மாதம் நம் வீட்டு அறை வெப்பமும் அவர்கள் சொல்வதற்குக் கொஞ்சம் கிட்டத்தில் வரும்.

நான் குடியில் பெரிய ஆள் இல்லை. இராணிப்பேட்டையில் தோல் தரம் பிரிக்கும் வேலை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக நண்பர்களோடு உட்காரும்போது கிடைத்ததை வாங்கி, சோடாவையோ கோலாவையோ ஊற்றி, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தவன்தான். நாக்கில் படாமல் தொண்டைக்குள் இறக்குவதுதான் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். கூட வேலை செய்யும் ஒருவர் வெளிநாடு போய்வந்து, ஒரு வாய் விஸ்கியை அரை நிமிடம் வாயிலேயே வைத்திருந்ததைப் பார்த்த பிறகுதான் ஆசை வந்தது. வீட்டில் நாங்கள் போட்டுக்கொண்ட நிபந்தனை: ஒரு பாட்டில் மூவாயிரத்தைத் தாண்டக்கூடாது, மூன்று மாதத்துக்கு ஒன்றுதான்.

அந்தத் தொகைக்குள் ஸ்காட்ச் எப்படிக் கிடைக்கிறது என்பது லேபிளைப் படித்தால் தெரியும். வெளிநாட்டு மதுவுக்குச் சுங்க வரி 150 சதவீதம் என்பது நெடுநாள் கணக்கு. 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய பிரிட்டன் ஒப்பந்தப்படி ஸ்காட்சுக்கு அது முதலில் 75 ஆகவும், பத்து ஆண்டுகளில் 40 ஆகவும் குறைய வேண்டும். மாநில வரி தனி. ஆனால் ஸ்காட்லாந்திலேயே வடித்து, அங்கேயே மரப்பீப்பாயில் ஊறவைத்த விஸ்கியை மொத்தமாகக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பாட்டிலில் அடைத்தால் செலவு குறைகிறது. டீச்சர்ஸ், பிளாக் அண்ட் ஒயிட், வாட் 69, 100 பைப்பர்ஸ் எல்லாம் இந்த வகையில் வருகிறவை. லேபிளில் ஆல்கஹால் 42.8% என்று இருக்கும். நம் பழைய கணக்கில் 75 புரூஃப் என்பது அதுதான். ஸ்காட்லாந்தில் 40 சதவீதம் இருந்தாலே போதும் என்பது சட்டம்.

இந்தியாவில் அடைத்தது என்றால் ஏதோ டூப்ளிகேட் என்று எங்கள் செட்டில் ஒரு பேச்சு உண்டு. அப்படி இல்லை. ஸ்காட்ச் என்ற பெயர் வேண்டுமானால் ஸ்காட்லாந்தில், ஓக் பீப்பாயில், குறைந்தது மூன்று ஆண்டு இருந்திருக்க வேண்டும். தண்ணீரும் நிறத்துக்குக் கேரமலும் தவிர எதுவும் சேர்க்கக்கூடாது. ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியில் (அதுதான் மால்ட்) மட்டும் வடித்த சிங்கிள் மால்ட் மட்டும் 2012 நவம்பரிலிருந்து அங்கேயே பாட்டிலில் அடைக்கப்பட வேண்டும். பல ஆலைச் சரக்கைச் சேர்த்துச் செய்யும் கலப்பு விஸ்கிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அப்புறம் அந்தக் கேரமல் இருக்கிறதே, 'கலர் டார்க்கா இருந்தா பழைய சரக்கு' என்று கடை வாசலில் நின்று பேசும் ஞானத்தை அது ஒரே அடியில் காலி பண்ணிவிடுகிறது.

டூப்ளிகேட் வேறு இடத்தில் இருக்கிறது. நானும் ஒரு முறை ஏமாந்தேன். 'டியூட்டி ஃப்ரீ, ஏர்போர்ட் சரக்கு' என்று ஒருவர் பாதி விலைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். திறந்ததும் கேக் கடையின் வெனிலா எசென்ஸ் வாசனை. பீப்பாய் கொடுக்கும் வெனிலா அப்படிக் குப்பென்று வராது என்று தெரியும் அளவுக்கு அப்போது மூக்கு வளர்ந்திருந்தது. சிங்க்கில் ஊற்றிவிட்டேன். அதற்குப் பிறகு டாஸ்மாக் எலைட் கடை, பில், ஹாலோகிராம், உடையாத சீல். காலிப் பாட்டிலை எடைக்குப் போடும் முன் லேபிளைக் கிழித்துவிடுகிறேன். நல்ல பிராண்டின் காலிப் பாட்டிலுக்குப் பழைய சாமான்காரர் ஏன் தனி விலை கேட்கிறார் என்று யோசித்தாலே காரணம் புரியும்.

இனி உப்பு விஷயம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கடலோர விஸ்கிகளில் லேசாக உப்பு தெரியும் என்று படித்திருந்தேன். இரண்டாவது பாட்டிலில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சுவைத்தபோது எனக்கு உப்பு தெரிந்தது! நோட்டில் பெரிதாக எழுதினேன்: 'கடல் காற்று'. ஒரு வாரம் பெருமை தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு நான் ஸ்பூனில் தண்ணீர் எடுப்பதைப் பார்த்த என் மனைவிதான் கேட்டாள்: "ஏங்க, போர் தண்ணியையா ஊத்தறீங்க? அதுல பருப்பே வேகாதே."

எங்கள் தெரு போர் தண்ணீர் அப்படி. காவிரித் தண்ணீர் வராத நாளில் பக்கெட்டில் வெள்ளைப் படிவு ஒட்டும். நான் கண்டுபிடித்த கடல் காற்று பாலாற்றங்கரைப் போர்வெல்லிலிருந்து வந்தது. அன்றிலிருந்து கேன் தண்ணீர்தான். தண்ணீர் முதலில் தனியாக ஒரு வாய், பிறகுதான் விஸ்கி.

தண்ணீர் சேர்ப்பதைக் கேவலமாக நினைக்கிறவர்கள் நிறைய. ராவாக அடித்தால்தான் ஆம்பளை என்று இன்றும் பேச்சு. ஆனால் விஸ்கி கலப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் சுமார் 20 சதவீதத்துக்கு நீர்க்க வைத்துத்தான் முகர்ந்து பார்க்கிறார்கள். 42.8 உள்ள பதினைந்து மில்லியில் பதினைந்து மில்லி தண்ணீர் விட்டால் கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வந்துவிடும். 2017இல் சுவீடன் ஆய்வாளர்கள் இருவர் கணினியில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: புகை வாசனை தரும் குவையகால் என்ற பொருள், நீர்க்க வைக்கும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு வந்து சேர்கிறது. என் வீட்டு முறை ரொம்பச் சாதாரணம். பதினைந்து மில்லியை முதலில் அப்படியே முகர்ந்து, துளி நாக்கில் வைத்துப் பார்ப்பேன். பிறகு சிறு ஸ்பூனில் ஒவ்வொரு ஸ்பூனாகத் தண்ணீர். டீச்சர்ஸில் இரண்டாவது ஸ்பூனுக்குப் புகை விரியும். பிளாக் அண்ட் ஒயிட்டில் அதே அளவு தண்ணீருக்கே எல்லாம் கரைந்து காணாமல் போகும். அதற்கு அரை ஸ்பூன் போதும்.

வாசனைக்குப் பெயர் வைப்பதில்தான் நான் அதிக நாள் திண்டாடினேன். படித்த சொற்களெல்லாம் என் மூக்கில் ஒட்டவே இல்லை. ஹீதர் பூ என்கிறார்கள். நான் அதைப் பார்த்ததே கிடையாது. மார்மலேட் என்கிறார்கள். இருக்கிறதா இல்லையா என்று கிளாஸைச் சுற்றிச் சுற்றித் தேடி, கடைசியில் இருப்பதாக நானே நம்பிக்கொண்டு எழுதிய நாட்கள் உண்டு. கடல் காற்றும் அப்படி வந்ததுதானே?

என் மனைவி ஒரு சொட்டும் குடிக்க மாட்டாள். வாசனை பிடிக்காது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் டீச்சர்ஸ் ஊற்றிய கிளாஸைக் கழுவ எடுத்துப் போனவள் அங்கிருந்தே கேட்டாள்: "கத்திரிக்காய் சுட்டீங்களா?"

ஓடிப்போய் வாங்கி முகர்ந்தேன். அதேதான். முள் கத்திரிக்காயை அடுப்பில் நேராகச் சுட்டு, தோல் கருகி உரியும்போது வருமே, அந்த வாசனை. இலவம்பாடி பக்கம் அவள் ஊர். 2023இல் அந்தக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஏதோ சொந்தக்காரப் பையன் பாஸானது போலத் தெருவெல்லாம் சொன்னவள். அவளுக்குத் தெரியாமல் போகுமா!

டீச்சர்ஸில் அந்தப் புகை வருவதற்குக் காரணம் ஆர்ட்மோர் என்ற ஆலை. 1898இல் டீச்சர் குடும்பமே கட்டியது. முளைகட்டிய பார்லியை உலர்த்தும்போது பீட் என்ற பொருளை எரித்துப் புகை காட்டுகிறார்கள். சதுப்பு நிலத்தில் பாசியும் செடியும் பல ஆயிரம் ஆண்டுகளாக அரைகுறையாக மக்கி மண் போலக் கிடப்பதை வெட்டிக் காயவைத்தால் அதுதான் பீட். நாம் வரட்டி தட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புகை தானியத்தில் ஏறி, வடித்து, பீப்பாயில் கிடந்து, கப்பல் ஏறி, சத்துவாச்சாரி சமையலறையில் சுட்ட கத்திரிக்காயாக வந்து நிற்கிறது.

அதற்குப் பிறகு நோட்டை முதலிலிருந்து எழுதினேன். போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி முன்பு இருந்த பீப்பாயில் ஊறிய ஸ்காட்சில் வெனிலா, தேங்காய் என்பார்கள். போர்பனுக்கு ஒவ்வொரு முறையும் புதிய பீப்பாய்தான் வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் ஒரு முறை பயன்படுத்திய பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கு மலிவாகப் போகின்றன. அந்த வாசனைக்கு நான் எழுதியது: 'கொப்பரை மூட்டை அவிழ்த்த கடை'. உலர்ந்த பழ வாசனைக்கு எழுதியது: 'ஆற்காட்டு மக்கன் பேடாவின் உள்ளே இருப்பது'. ஜானி வாக்கர் ரெட் லேபிளுக்கு 'தோசை மிளகாய்ப் பொடி டப்பா திறந்த நொடி'. பேலன்டைன்ஸ் ஃபைனெஸ்ட் ஒருவர் வீட்டு விசேஷத்தில் கிடைத்தபோது 'தோல் சீவி ஐந்து நிமிடம் ஆன ஆப்பிள்'. மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் எனக்கு அந்த வாசனை திரும்ப வருகிறது. ஹீதர் பூ என்று எழுதிய பக்கத்தில் ஒன்றும் வருவதில்லை.

ஒரு சொல் மட்டும் இன்றுவரை என் கையில் சிக்கவில்லை: தோல். சில விஸ்கிகளில் பழைய தோல் வாசனை உண்டு என்று எழுதுகிறார்கள். தினமும் தோலிலேயே புரளும் எனக்கு அது தெரிவதே இல்லை. ஆலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்டிலேயே மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு வாசனையே இல்லாத இடம் அது. பழகிய வாசனையை மூக்கு கழித்துவிடுகிறது. அதனால் வேலை முடிந்து வந்த நாளில் சுவைப்பதில்லை. ஞாயிறு மாலை, குளித்துவிட்டு, ஊதுவத்தி ஏற்றாமல். வேலைக்குப் போடும் தோல் பெல்ட்டைக்கூடக் கழற்றி வைத்துவிடுவேன். இது கொஞ்சம் ஓவர்தான்.

கிளாஸ் பற்றிக் கேட்பார்கள். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், அதன் உலோக வாசனை கலக்கும். அடி அகன்று வாய் குறுகிய சின்னக் கண்ணாடிக் கிளாஸ் போதும். பாத்திரக் கடையில் ஜூஸுக்கு விற்கும் துலிப் வடிவக் கிளாஸ் மூன்று வாங்கினேன். பாத்திரம் கழுவும் சோப்பின் எலுமிச்சை வாசனை அதில் தங்கும், வெந்நீரில் இன்னொரு முறை அலச வேண்டும். கூடத் தின்ன உப்பில்லாத பொரி. மிளகு ஆம்லெட், மிக்சர், ஆம்பூர் பிரியாணி எல்லாம் சுவைத்து முடித்த பிறகு.

என் திமிர் அடங்கியது பொட்டு வைத்த அன்று. நாலு பாட்டில் தாண்டியதும் நான் எதைக் கொடுத்தாலும் சொல்லிவிடுவேன் என்று வாய்விட்டேன். மனைவி மூன்று கிளாஸின் அடியிலும் மூன்று நிற ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, மறைவாக ஊற்றிக்கொண்டு வந்தாள். டீச்சர்ஸ், பிளாக் அண்ட் ஒயிட், மூன்றாவது நான் முன்பு சோடா ஊற்றிக் குடித்துவந்த உள்ளூர் விஸ்கி. கால் மணி நேரம் முகர்ந்து, சுற்றி, கண்மூடி, 'இதுதான் நல்ல ஸ்காட்ச்' என்று ஒன்றை எடுத்து நீட்டினேன். சிவப்புப் பொட்டு. உள்ளூர்.

இரண்டு நாள் பேச்சில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கே விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி கரும்புச் சர்க்கரைப்பாகுக் கழிவிலிருந்து வடித்த ஸ்பிரிட்டை அடிப்படையாகக் கொண்டது. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்க முடியாது. ஆனால் கொஞ்சம் விலை கூடியவற்றில் பலவற்றில் மால்ட்டும், சிலவற்றில் ஸ்காட்ச் மால்ட்டும் கலக்கிறார்கள். அன்று எனக்குப் பிடித்தது அதன் இனிப்பு. இனிப்பாக இருப்பதையெல்லாம் உயர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்த நாக்கு அது.

அதன் பிறகு எடுத்துக்கொண்ட பயிற்சி மூன்று கிளாஸ் ஆட்டம். இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் வேறு. எது நல்லது என்று சொல்ல வேண்டாம், எது வேறு என்று மட்டும் சொன்னால் போதும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால் ஒரு வெற்றியை நம்பக் கூடாது. முதல் இரண்டு ஞாயிறு தோல்வி. மூன்றாவது சரி. நாலாவது மறுபடி தோல்வி, அன்று எனக்குச் சளி. அதற்குப் பிறகு பெரும்பாலும் சரியாகவே வருகிறது. நூறு கட்டுரை படித்தும் வராதது இந்த ஆட்டத்தில் வந்தது. ஒரே பாட்டிலைத் தனியாகச் சுவைத்தால் எல்லாமே விஸ்கி வாசனைதான். பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் இது புகை, அது இனிப்பு, இது தானியம் என்று பிரிகிறது. அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆறாயிரத்துக்கு ஒரு பாட்டில் வாங்குவதைவிட, இரண்டு நண்பர்கள் சேர்ந்து வேறு வேறு மலிவு பாட்டில் வாங்கிப் பாதிப் பாதி மாற்றிக்கொள்ளலாம். குவார்ட்டர் சைஸில் கிடைத்தால் இன்னும் நல்லது.

மாற்றிக்கொண்டதை வைக்கும் இடம் முக்கியம். பாதி காலியான பாட்டிலில் காற்று அதிகம், நாளாக நாளாகச் சுவை தட்டையாகும். நான் ஒரு பாட்டிலைப் பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்று பரணில் வைத்து, ஒரு கோடை முழுக்க மறந்துவிட்டேன். எடுத்தபோது மூடி லேசாகத் தளர்ந்திருந்தது, அளவு குறைந்திருந்தது, வாசனை பாதி போயிருந்தது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகப் போகிறதாம், தேவதைகளின் பங்கு என்பார்கள். வேலூர் தேவதைகளுக்குத் தாகம் அதிகம். இப்போது சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, இருட்டான கீழ் அலமாரியில் பூட்டி, நிமிர்த்தி வைக்கிறேன். படுக்கவைத்தால் மூடியின் தக்கை ஊறிக் கெடும்.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று கிளாஸ் என்றாலும் பதினைந்து பதினைந்தாக மொத்தம் நாற்பத்தைந்து மில்லிதான். அதோடு சரி. நாலாவதுக்கு மேல் மூக்கு பொய் சொல்லும், நோட்டில் கையெழுத்தும் கோணும். அன்று வண்டி எடுப்பதில்லை. மாத்திரை சாப்பிடும் வாரங்களில் பாட்டிலைத் தொடுவதில்லை. குடிக்காத நண்பனை 'சும்மா டேஸ்ட் பாரு' என்று இழுப்பதும் இல்லை.

போன தையில் சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சான் லஃப்ராய்க் 10 வருஷம், ஐம்பது மில்லி குட்டிப் பாட்டில் ஒன்று கொண்டுவந்தான். ஸ்காட்லாந்தின் ஐலா தீவுச் சரக்கு. என் மூவாயிரம் ரூபாய் நிபந்தனைக்குள் வரவே வராத ஜாதி. பொங்கலுக்கு மாமனார் வீட்டில் இருந்தோம். அவர் ரிடையர்டு சுபேதார். கேன்டீன் ரம்மை வெந்நீரில் கலந்து குடித்தே காலம் தள்ளியவர், ஸ்காட்ச் எல்லாம் அதிகாரி மெஸ் சமாச்சாரம் என்பார்.

கிளாஸை முதலில் மனைவியிடம் நீட்டினேன். முகர்ந்துவிட்டுச் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்தாள். "சி.எம்.சி. வார்டு. கட்டுப் பிரிக்கிற ரூம்." உலகத்தில் இந்த விஸ்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அயோடின், பேண்டேஜ் என்றுதான் எழுதுகிறார்கள். அவள் ஒரு வரியும் படித்ததில்லை.

மாமனார் வாங்கினார். முகரவெல்லாம் இல்லை, நேராக ஒரு வாய். நான் எவ்வளவோ சொல்லியும் வாயில் வைத்திருக்காமல் விழுங்கிவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"என்னா மாமா, எப்படி இருக்கு?"

"எழுபத்தொண்ணுல கால்ல அடிபட்டு ஃபீல்டு ஆஸ்பத்திரியில ஒரு மாசம் கிடந்தேன். அந்த டெண்டு வாசனை அப்படியே வருது." கிளாஸைத் திரும்ப மூக்கருகே கொண்டுபோனார், இந்த முறை மெதுவாக. "இதுக்குப் போயி காசு குடுத்து வாங்கறானுங்களா?"

குட்டிப் பாட்டிலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை நான் அடுத்த ஞாயிறுக்கு என்று எடுத்து வைக்கப் போனேன். அவர் கிளாஸை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார்.